டோரதி அழித்த முகங்கள்

செத்துப்போனவர்களின் கண்ணைத் திறந்துவைப்பது டோரதியின் வேலை. ராயப்பேட்டையில் ஹஸன் பாயின் போட்டோக் கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் நினைவு நாள் விளம்பரமும் சட்டம் போட்ட படமும் செய்து தருகிறார்கள். மனுஷன் உயிரோடு இருக்கும்போது ஒரு நல்ல படம் எடுத்துவைக்க நம் ஜனங்களுக்குத் தோன்றாது. போன பிறகு, கல்யாணப் பந்தியில் வாயில் அப்பளத்தோடு எடுத்த படத்தைக் கொண்டுவந்து நீட்டி, உடனே வேண்டும் என்று நிற்பார்கள். டோரதி முகம் சுளிக்க மாட்டாள். அப்பளத்தை எடுப்பாள், தோளில் கிடக்கும் பக்கத்து ஆளின் கையை எடுப்பாள், பாதி மூடிய கண்ணைத் திறப்பாள், கேட்டால் கோட்டும் டையும் மாட்டிவிடுவாள். அடுத்த வருஷம் அதே வீட்டார் முதலாம் ஆண்டு நினைவுக்கு வந்தால், பெயரைக் கேட்காமலே அவர்கள் படத்தை எடுத்துக் கொடுப்பாள். மந்தைவெளியிலிருந்து பஸ் ஏறி வரும் அந்த விதவைக்கு இருந்த ஒரே கர்வம் இந்த ஞாபகசக்திதான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது.

கடையின் படங்கள் அத்தனையும் பரண்மேல் இருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியில் சேரும். எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான பேக்கப் ஃபோல்டர் அதில்தான் இருக்கிறது. யாராவது எதையாவது அழித்தால் ஹஸன் பாயின் போனுக்குத் தகவல் போகும். மழைக்காலத்தில் திடீரென்று தினமும் காலையில் ஒரே தகவல் வர ஆரம்பித்தது: டோரதி எல்லா ஃபைல்களையும் அழித்துவிட்டார். பதறியடித்து ஓடிவந்து பார்த்தால் எல்லாம் அப்படியே இருக்கும்.

முதல் நாள் பாய் சிரித்தார். "இன்னா டோரதிம்மா, மொத்தப் பேரையும் ரெண்டாவது வாட்டி சாகடிச்சுட்டியா?"

நாள் போகப்போகச் சிரிப்பு நின்றது. ஒருநாள் ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "தெரியாம அழிச்சுட்டு, அப்பறம் பயந்துபோய்த் திரும்ப எடுத்து வெச்சிடறியாம்மா? சொல்லு, நான் ஒண்ணியும் சொல்ல மாட்டேன்."

"நான் தொடவே இல்ல பாய்."

"தொடாமயா உன் பேரு வருது?" குரலைத் தாழ்த்தினார். "கொஞ்ச நாள் வூட்ல ரெஸ்ட் எடேன்."

அவர் கத்தியிருந்தால் தேவலை. அந்தக் கனிவுதான் அவளைப் பயமுறுத்தியது. அக்கா பிலோமினாவுக்கும் இந்த வயதில்தான் ஆரம்பித்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பூசைக்குப் போனாள்; கேட்டால் வைக்கவே இல்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தாள். அவளிடமும் எல்லோரும் கனிவாகத்தான் பேசினார்கள். இன்றைக்கு டோரதி எதிரே போய் நின்றால், "நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?" என்கிறாள்.

வேலை போனால் போகட்டும், புத்தி போய்விட்டால்? டோரதி காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். அப்போதும் தகவல் வந்தது. கை மடியில்தான் இருந்ததா, அப்படி இருந்ததாக நினைத்துக்கொள்கிறோமா என்ற சந்தேகம் பிடித்துக்கொண்டது. ஒருநாள் பஸ்ஸில் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்து, இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டாள். அதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் அஃப்தாப்பை அவளே கூப்பிட்டாள். சாயங்காலம் வந்தவன் பெட்டியைத் தட்டிப் பார்த்தான், வயரை அசைத்துப் பார்த்தான், பிறகு பாய் பக்கம் திரும்பினான்.

"கடை சாத்தறப்போ சிஸ்டத்தை எப்படி பாய் ஆஃப் பண்றீங்க?"

"அதை வேற தனித்தனியா ஆஃப் பண்ணிக்கினு இருப்பாங்களா? மெயினையே இறக்கிடுவேன்."

பக்கத்துத் துணிக்கடை இந்த மழையில் ஷார்ட் சர்க்யூட் ஆகி எரிந்த நாளிலிருந்து பாய்க்கு அது பழக்கம். பிஸ்மில்லா சொல்லி மெயினை இறக்கிய பிறகுதான் ஷட்டரை இழுப்பார்.

"அக்கா, நீங்க வெளிய போய் ஒரு டீ சாப்டுங்க," என்றான் அஃப்தாப்.

டோரதி பிளாட்பாரத்தில் நின்றாள். அவன் மெயினை இறக்கி, மறுபடி ஏற்றிக் கம்ப்யூட்டரைப் போட்டான். அவள் கையில் டீ கிளாஸ் இருக்கும்போதே பாயின் போனில் தகவல் வந்தது: டோரதி எல்லா ஃபைல்களையும் அழித்துவிட்டார்.

"பாத்தீங்களா? கம்ப்யூட்டர் சட்டுனு எழுந்துக்குது. பரண்மேல கீற பெட்டி லேட்டாத்தான் முழிச்சுக்குது. அதுக்குள்ள இது எட்டிப் பாத்துட்டு, ஃபோல்டர் காலியா கீதுன்னு போட்டுக் குடுத்துடுது. சிஸ்டம் அக்கா பேர்ல ஓப்பனாவுது, அதான் அக்கா பேரு. பெட்டி அணையாம இருக்க அதுக்குத் தனி லைன் இழுத்துட்டா சரியாப்பூடும்."

பாய்க்கு முகம் தொங்கிப்போனது. "மாஃப் பண்ணிடும்மா," என்றார். டோரதி கடைவாசல் படியிலேயே உட்கார்ந்து வெட்கத்தை விட்டு அழுதாள். அக்காவின் நோய் தனக்கு இல்லை என்ற சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை. பாய் எல்லோருக்கும் சமோசா வாங்கிவரப் போனார்.

அவர் பொட்டலத்தோடு திரும்பியபோது, அஃப்தாப் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய பொய்த் தகவல்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தான். ஒரு இடத்தில் நின்றான்.

"எல்லாமே காலைல கடை தொறக்கற டைம்தான். இது மட்டும் மத்தியானம். போன வெள்ளிக்கெழம. ஒரே ஒரு ஃபைல்."

"நான் ஜும்மாவுக்குப் போயிருப்பேன், போனு ஆஃப்ல இருந்திருக்கும்," என்றார் பாய். "கடைல டோரதிம்மா மட்டும்தான்."

அஃப்தாப் ஃபோல்டரில் தேடினான். "இது நெஜமாவே போயிருக்குக்கா. அழிக்கட்டுமான்னு கேட்ருக்கு, ஆமான்னு அழுத்தியிருக்கீங்க. விக்டர்னு பேரு போட்டிருக்கு. யாரு, கஸ்டமரா?"

விக்டர் அவள் புருஷன். அவர் இறந்த அன்று, யாரையும் தொடவிடாமல், இதே நாற்காலியில் உட்கார்ந்து அவளே செய்த படம் அது. சட்டம் போட்டது வீட்டுச் சுவரில் இருக்கிறது, அதனால் படம் அடியோடு போய்விடவில்லை. ஆனால் அதை அழிக்க அவளுக்கு எந்தக் காரணமும் கிடையாது.

"பழசு தம்பி. நான்தான் அழிச்சேன்," என்று சிரித்துக்கொண்டே பொய் சொன்னாள்.

"அப்ப சரி," என்று அதையும் நீக்கிவிட்டான்.

பாய் சமோசாவை அவள் கையில் வைத்தார். "நாளைலேந்து நிம்மதியா வேலையப் பாரும்மா."

தலையாட்டிவிட்டு டோரதி யோசித்தாள். வியாழக்கிழமை ஒரு பெரியவருக்கு மீசையைச் சரிசெய்தது ஞாபகம் இருந்தது. சனிக்கிழமை ஒரு பள்ளிக்கூட டீச்சரின் படம், அந்த அம்மாளின் நீலப் புடவைக்கரை வரைக்கும் ஞாபகம் இருந்தது. நடுவில் இருந்த வெள்ளிக்கிழமையை எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.