வலப்பக்கமாக ஓடிய கழகம்

எங்கள் தோட்டத்து மெய்வல்லுநர் கழகத்தின் சாதனைகளை நான் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன். நான் ஓடத் தொடங்கிய காலத்தில் அவ்வளவுதான் இருந்தன. கயிறிழுத்தலில் மூன்றாமிடம், அணிநடையில் ஆறுதல் பரிசு. கயிறிழுக்க வந்தவையே மூன்று அணிகள்தான் என்பதைப் பெரியப்பா யாரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை.

கழகத்தைத் தொடங்கியவர், தலைவர், பயிற்சியாளர் எல்லாம் அவரே. ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் வேலை முடிந்ததும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொள்வார். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய நடையே வேறு.

றக்வானையிலிருந்து பஸ் முக்கி முனகி ஏறும் அந்த மலையில் மைதானத்துக்கு எங்கே போவது? பள்ளிக்கூட முற்றத்தில் நேர்கோட்டில் ஐம்பது மீட்டர் ஓடினால் சுவர் வந்துவிடும். ஸ்டோரைச் சுற்றி லொறி போக ஒரு பாதை இருந்தது. அதுதான் எங்கள் மைதானம். அந்திக் கொழுந்து நிறுக்கும் நேரத்தில், ஸ்டோர் எப்போதும் எங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றிச் சுற்றி ஓடுவோம். மறுபக்கமாக ஓட யாராவது திரும்பினால் விசில் பறக்கும்.

பெண்பிள்ளைகளை ஓடவிட எங்கள் லயத்து வரிசை வீடுகளின் தாய்மார் லேசில் சம்மதிக்கவில்லை. என் அம்மா அதிலும் கெட்டி. பெரியப்பா மூன்று நாள் வீட்டுக்கு அலைந்த பிறகு, அம்மா ஒரு நிபந்தனை போட்டார்.

“ஒரு தடவ போட்டிக்குப் போய்ட்டு வரட்டும். ஒண்ணும் கெடைக்கலன்னா இந்த ஓட்டமெல்லாம் அதோட சரி.”

இரத்தினபுரியில் நடந்த மாவட்டப் போட்டிக்கு எண்ணூறு மீட்டர் ஓடப் போனபோது எனக்குப் பதின்மூன்று வயது. பதக்கம் வாங்காவிட்டால் என் ஓட்டம் அன்றோடு முடிந்தது.

உடம்பைச் சூடாக்க எல்லாரும் ஓடத் தொடங்கியபோது நான் மட்டும் எதிர்த்திசையில் ஓடி ஒருத்தியின் மேல் மோதினேன். “வமட்ட, நங்கி, வமட்ட!” இடப்பக்கம், தங்கச்சி, என்று ஒரு அதிகாரி சிங்களத்தில் கத்தி இடக்கையை ஆட்டிக் காட்டினார். பந்தலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உலகமே இடப்பக்கமாகச் சுற்றி ஓடுகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். டிவியில் எத்தனையோ ஓட்டம் பார்த்திருக்கிறேன். யார் முந்துகிறார்கள் என்று பார்ப்போமா, எந்தப் பக்கம் வளைகிறார்கள் என்று பார்ப்போமா?

போட்டியில் நேர்ப்பாதையில் எல்லாரையும் எட்டிப் பிடித்தேன். வளைவு வந்ததும் பழகிய கால்கள் என்னை வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போயின. மற்றவர்கள் உள்ளே வளைய, நான் ஊரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். நான்காவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவளின் முதுகைத் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம்.

அன்று இரவு பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றே பேசினார்.

“புள்ள மேல தப்பில்ல. நான்தான் தெச தெரியாம மாத்திப் பழக்கிட்டேன். இன்னும் ஒரு வருசம் பாருங்க.”

அம்மா அவருடைய மூளையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிட்டு, அந்த ஒரு வருடத்தைக் கொடுத்தார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ‘ரிவர்ஸ் மாஸ்டர்’ என்று அவருக்குப் பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் மேல் லயத்திலிருந்து ஸ்டோர் வரை அது பரவியது. கொழுந்தோடு சேர்த்து மூளையையும் வாட்டிவிட்டாரா என்று கேட்டவர்களோடு அவரும் சேர்ந்து சிரித்தார்.

பிறகு ஞாயிறுதோறும் எங்களை பஸ்ஸேற்றி டவுன் மைதானத்துக்குக் கூட்டிப்போய் இடப்பக்கம் ஓடப் பழக்கினார். அடுத்த ஆண்டு நான் வெண்கலம் வாங்கினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வெள்ளியும் தங்கமும் வாங்கினார்கள். ஆனால் ஸ்டோர்ப் பாதையில் மட்டும் அவர் திசையை மாற்றவே இல்லை. கிழவரின் பிடிவாதம் என்று விட்டுவிட்டோம்.

இப்போது நான் நிவித்திகலப் பக்கம் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. போன பொங்கலுக்குத் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, ஒரு சாயந்திரம் அந்தப் பாதையில் சரியான திசையில் ஓடிப் பார்த்தேன். ஸ்டோரைத் தாண்டியதும் இறக்கம். கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. மண்மேட்டுக்குப் பின்னால் பாதை திரும்பும் இடத்தில் கொழுந்து லொறி என் முகத்துக்கு நேரே வந்து கிரீச்சிட்டு நின்றது. “பிஸ்ஸுத மிஸ்?” என்று டிரைவர் கத்தினார். பைத்தியமா என்று அவர் கேட்டது நியாயம்தான்.

பாதையோரத் தண்ணீர்க் கானின் கரையில் உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. நாங்கள் ஓடிய திசையில் அது ஏற்றம். லொறியும் எப்போதும் அதே பக்கமாகத்தான் வரும்; எங்களுக்குப் பின்னால் முனகிக்கொண்டு ஏறும். சத்தம் கேட்டு ஒதுங்கிக்கொள்வோம்.

நேரே பெரியப்பாவிடம் போய், அவருக்குத் திசை தெரிந்துதானே இருந்தது என்று கேட்டேன். அம்மா பக்கத்தில் இருக்கிறாரா என்று முதலில் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசு புள்ள. லொறி கதைய அன்னைக்குச் சொல்லியிருந்தா ஒருத்தரும் புள்ளய வெளிய விட்டிருக்க மாட்டாங்க.”

தோட்டமே சிரிக்க அவர் நின்றது நான் ஓடுவதற்காகத்தான் என்பது பதின்மூன்று வயதில் எனக்கு விளங்கவில்லை. தோற்று வந்த பிறகு இரண்டு வாரம், ஒவ்வொரு சாயந்திரமும் அவர் வாசலில் வந்து நின்று, “வா புள்ள, ஓடப் போவோம்” என்று கூப்பிட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அக்கா வீட்டில் இல்லை என்று சொல்லத் தம்பியை அனுப்பினேன்.