சுருட்டு வாங்கிய ராட்சசன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் என் மாமியார் கை கழுவி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு குகைக்குள் போவார். குகை எங்கள் வீட்டுக் கூடத்தில், நான் பென்சிலால் கட்டம் போட்ட ஒரு தாளில் இருக்கிறது. கடல் தாண்டிப் புக்கிட் ரோத்தான் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு மருமகளாகக் கிளம்பியபோது, அங்கே விடியுமுன் பால் வெட்டப் போவார்கள், வரிசை வீடுகளில் குடியிருப்பார்கள், அந்த வரிசைக்கு லயம் என்று பெயர் என்றெல்லாம் சொல்லித்தான் ஊரில் அனுப்பினார்கள். குகையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

லண்டனில் படிக்கும் என் கொழுந்தன், லீவு நாளில் தான் ஆடும் விளையாட்டு என்று அனுப்பிய பெட்டியிலிருந்து வந்தது இது. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு விதிப்புத்தகமும் பல முகம் கொண்ட பகடைகளும் இருந்தன. ஒருவர் கதை சொல்லி நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகி, 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். நாலைந்து பேர் இருந்தால் நல்லது என்கிறது புத்தகம். எங்களுக்கு வாய்த்தது ஒருவர். ரவாங் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கும் என் கணவர் முதல் கதவிலேயே தூங்கிவிட்டார். அத்தை தூங்கவில்லை. அவருக்கு ராட்சசனும் வேண்டாம், புதையலும் வேண்டாம். லீவு நாளில் தன் சின்ன மகன் அந்தக் குளிரில் எங்கே போய்வருகிறான் என்று தெரிய வேண்டும். இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொல்லும் பொறுமை வீட்டில் எனக்குத்தான் இருந்தது. அதுவரை 'சோறு வெந்துச்சா' என்பதற்கு மேல் என்னிடம் பேசாதவர், என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அந்த நாட்களில் நான் மூட்டை கட்டாத குறைதான். வந்து ஒரு வருஷம் ஆகியும் விருந்தாளி மாதிரியே இருந்தேன். புதுக்கோட்டையில் அப்பா, 'வந்துவிடு' என்று டிக்கெட்டுக்கே சொல்லிவிட்டார். "போயிட்டு வா லா, மனசு மாறும்" என்றார் கணவர், இந்த ஊர்ப் பேச்சில் நெருங்கியவர்களிடம் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு. போனால் திரும்ப மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். அத்தை ஒரு தரம் 'இரு' என்றால் போதும், இருந்துவிடுவேன். அதைப் போய்க் கேட்டு வாங்க முடியுமா?

குகை வாசலில் தடியோடு ஒரு ராட்சசன் நின்றான். புத்தகப்படி வீரன் வாளை உருவ வேண்டும். அத்தை உருவவில்லை. பால் வெட்டப் போகிறவர்கள் தோட்டத்து எல்லையில் முனீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மரத்தில் கை வைப்பார்கள். "காவலுக்கு நிக்கிறாரு" என்று சொல்லி, ராட்சசனுக்கு ஓர் எலுமிச்சம்பழமும் சுருட்டும் வைத்தார். நான் விதி தெரிந்தவள் அல்லவா? ராட்சசன் சுருட்டை வாங்கிக்கொண்டான் என்றேன். பகடையை உருட்டினேன். அடித்தான் என்றேன்.

"வாங்குனானா இல்லையா?"

"வாங்குனான் அத்தை. ஆனா பகடை அப்படி விழுந்துருச்சு."

"பகட எப்படியும் விழும். சுருட்ட நீ எதுக்கு வாங்க வச்ச? படையல வாங்குனவன் காவலுக்கு நிக்கணும். இதுகூட இல்லாம என்னா ஊரு உங்க ஊரு?"

எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறும் வரவில்லை. எங்கள் ஊர்க் கருப்பருக்கும் சுருட்டுதான். படையலை வாங்கிய சாமி கைவிடாது என்று கேட்டுத்தான் நானும் வளர்ந்தேன். கடல் தாண்டி வந்து மூன்று தலைமுறை ஆனவர் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறார். போன வருஷம் விமானத்தில் வந்த நான், லண்டன் ராட்சசனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு தாளை விரித்து, ஆளில்லாத கூடத்தில் உரக்கச் சொன்னேன். "ராட்சசன் வாசல்லயே நிக்கிறான். வாங்கிட்டு அடிச்சது தப்புங்கிறான். குகை முடியிற வரைக்கும் காவலுக்கு வர்றானாம்." அப்படி ஒரு விதி கிடையாது. புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது. "வெயில்ல நிக்க வைக்காத. உள்ள கூட்டிட்டு வா."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வீரனுக்குப் பதிலாக நாங்கள் வைத்திருந்த ரப்பர் கொட்டையை ஒரு கட்டம் நகர்த்தினார். பிறகு தாளைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஊருக்குப் போறியாமே?"

"அப்பா கூப்பிடுறாரு அத்தை."

"அப்புறம் இத யாரு நடத்துறது?"

அவர் ரப்பர் கொட்டைக்குப் பக்கத்துக் கட்டத்தைத் தட்டிக் காட்டினார். "ராட்சசன நம்பித் தனியா போவ முடியுமா? நீயும் ஒரு கொட்டைய வையி."

"நடத்துறவ உள்ள வரக்கூடாது அத்தை. எங்க என்ன இருக்குன்னு எனக்குத்தான் தெரியுமே."

"தெரிஞ்சா என்னா? தெரியாத மாரி வா. உள்ள இருந்தே நடத்து லா."

அடுக்களைக்குள் போய் அழுதேன். வெங்காயம் ஏதும் நறுக்கவில்லை. டிக்கெட் வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டோம்.

தெரிந்துகொண்டே தெரியாதவளாக நடப்பது மருமகளாக எனக்குப் பழக்கம்தான். பல்லாங்குழிக்கென்று ஊரிலிருந்து கொண்டுவந்த புளியங்கொட்டைகளில் ஒன்றுதான் இப்போது நான். ரப்பர் கொட்டைக்கு ஒரு கட்டம் பின்னால் அது குகைக்குள் போகிறது. புத்தகத்தை மடியில் மறைத்துக்கொண்டு நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். கதவு வந்ததும் அத்தை என்னைப் பார்ப்பதில்லை, புளியங்கொட்டையிடம் கேட்கிறார்.

"தொறக்கட்டுமா?"

"தெரியலையே அத்தை" என்கிறது புளியங்கொட்டை.