சகலைகள் வாங்கவிருந்த கப்பல்

என் கணவர் லாரிக்காரர். பழைய லாரி ஏதாவது விலைக்கு வந்திருக்கிறதா என்று செல்போனில் பார்க்காமல் காலைக் காபி அவருக்கு இறங்காது. போன வருடம் அப்படித் தேடிக்கொண்டிருந்தவரின் கண்ணில் ஒரு கப்பல் பட்டது. ஆட்களை ஏற்றிக்கொண்டு கடல் கடலாகச் சுற்றிய சொகுசுக் கப்பல். பழசு. விற்பனைக்கு.

"இங்க வா புள்ள, இதப் பாரு. லாரியாட்டமே போட்டோ போட்டு வெச்சிருக்கறான். நீச்சல் குளம் இருக்குது, சினிமாக் கொட்டாய் இருக்குது. வெலையத்தான் காணோம்."

"கேட்டாத்தான் சொல்லுவாங்களாம்" என்றேன், படித்துப் பார்த்துவிட்டு.

"அப்பக் கேளு."

எங்கள் ஊர் மல்லசமுத்திரம். பேரில் இருக்கிற சமுத்திரத்தைத் தவிர ஊருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள் என்கிற ஒரே பாவத்துக்காக, விடைத்தாள் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கப்பல் தரகருக்கு எழுத உட்கார்ந்தேன். லாரிக்குக் கேட்கிற மாதிரியே, எஃப்.சி. எதுவரைக்கும் இருக்கிறது, எத்தனை கை மாறியது, ஆக்சிடென்ட் வண்டியா என்று என் கணவர் சொல்லச் சொல்ல எழுதினேன். விளையாட்டுக்கு எழுதுகிறோம் என்று தரகர் விட்டுவிடுவார் என்றிருந்தேன். அவர் மரியாதையாகப் பதில் போட்டார், விலையை மட்டும் சொல்லாமல். கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார்: கப்பலை எந்தத் துறைமுகத்தில் நிறுத்தப் போகிறீர்கள்?

இதற்குப் பதில் தேடி ஞாயிற்றுக்கிழமை ஆத்தூரிலிருந்து என் கணவரின் சகலை வந்தார். என் தங்கை வீட்டுக்காரர், சவ்வரிசி மில் வைத்திருக்கிறவர். கூட்டுச் சேர்ந்து போர் போடுகிற ரிக் வண்டி வாங்குவது போலக் கப்பலையும் வாங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.

"மேட்டூர் டேம்ல நிறுத்திக்கலாம் சகலை" என்றார்.

"டேமுக்கு எப்படிங்க கொண்டாருவீங்க?" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில், நான்தான் விவரம் இல்லாதவள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மத்தியானம் கறிச்சோறு தின்றுகொண்டே கப்பலுக்குப் பேர் வைக்க ஆரம்பித்தார்கள். எங்கள் லாரிகளில் இருக்கிற குலதெய்வத்தின் பேர்தான் என்றார் இவர். மில்லின் பேர்தான் ராசி என்றார் அவர். குரல் ஏறியது.

"உங்க மில்லுப் பேர எவன் கேட்டான்? ஹார்பர் கேட்டுல லோடோட எத்தன நாளு நின்னுருப்பேன் தெரியுமா? ஒருத்தனாச்சும் கப்பல்ல ஏறிப் பாருன்னு கூப்புட்டதில்ல. இது என்ற கப்பலுங்க!"

"அப்ப நீங்களே ஓட்டிக்குங்க" என்று சகலை பாதிச் சோற்றில் கை கழுவினார். தங்கை அழுதுகொண்டே காரில் ஏறினாள். விலைகூட இன்னும் தெரியாத கப்பலுக்கு!

அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. எங்கள் கொழுந்தனார் மகள் கல்யாணத்துக்கு ஆத்தூரிலிருந்து யாரும் வரவில்லை. தங்கச்சி வீட்டில் ஏன் வரவில்லை என்று மண்டபத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் சளிக் காய்ச்சல் என்று சொன்னேன். கப்பல் என்று எந்த வாயால் சொல்வது? அக்காவும் தங்கையும் ஆண்கள் வெளியே போன நேரம் பார்த்துப் போனில் பேசிக்கொண்டோம், ஏதோ திருட்டுத்தனம் செய்கிறவர்கள் மாதிரி. இவரோ தினமும் அந்த விளம்பரத்தைத் திறந்து, அதிலிருந்த பதினெட்டுப் படத்தையும் பார்த்துவிட்டுத்தான் வண்டிச் சாவியை எடுப்பார்.

ஆடி மாதம் தரகரிடமிருந்து தகவல் வந்தது. கப்பலை உடைப்பதற்கு விற்றுவிட்டார்களாம். இவரிடம் படித்துக் காட்டினேன். மனதுக்குள் எனக்கு அப்பாடா என்றிருந்தது.

"முழுசாவா ஒடைக்கறாங்க?"

"ஆமாங்க. இரும்புக்கு."

மாட்டியிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பிறகு போனை எடுத்தார். அத்தனை மாதம் கழித்து அவராகவே ஆத்தூருக்குப் போட்டார்.

"சகலை… நம்ம கப்பலு போச்சுங்க."

நம்ம கப்பல்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் வீசியிருப்பேன். சாயந்திரமே சகலை வந்துவிட்டார். கூட வந்த தங்கை நேராகச் சமையல்கட்டுக்குள் நுழைந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னறையில் இரண்டு பேரும் ஒரே செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்ல வண்டி சகலை. இன்னும் பத்து வருசம் ஓடியிருக்கும்."

"ஓடியிருக்குமுங்க. எல்லாம் பராமரிப்புலதான இருக்குது."

"அக்கா, டீ போடவா?" என்றாள் தங்கை.

"போடு. கப்பல் முதலாளிங்க ரெண்டு பேருக்கும் சக்கரை போடாத" என்றேன்.