இரண்டு பக்கமும் பச்சைச் சட்டை

கால்பந்து கிளப் ஆரம்பித்து ஐம்பது வருடமாகிறது. ஜெயித்த கோப்பை ஒன்றே ஒன்று. மீதிக் காலமெல்லாம் கூட்டம் போட்டே கழிந்தது. குரூப் போட்டோவில் நடு நாற்காலி யாருக்கு என்பதில் காட்டிய வேகத்தைப் பந்திடம் காட்டியிருந்தால், பந்தே பயந்துபோய் வலைக்குள் ஒளிந்துகொண்டிருக்கும்.

அந்த ஒரே கோப்பைக்கான கோலை அடித்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் அவருக்குப் பெயர் சேம்சைடு. பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. படிக்க முடிகிறவன் கண்ணாடிக் கடைக்கு ஏன் வரப்போகிறான் என்பது அவர் மனைவியின் கட்சி.

கிளப் தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே இரண்டாக உடைந்தது. எல்லாம் அந்த நடு நாற்காலியால்தான். ஒரு பக்கம் மர டிப்போக்காரர். மறுபக்கம் அவர் தங்கையைக் கட்டிய பேக்கரிக்காரர். இருவரும் கிளப்பின் பெயரையும் விடவில்லை, பச்சைச் சட்டையையும் விடவில்லை. "விட்டுக் குடுத்தா நாமதான் பிரிஞ்சு போனோம்னு ஆயிடும்" என்றார்கள் இருவருமே. அந்த வருடப் போட்டியில் மற்ற அணிகள் எவ்வளவு மட்டமாக ஆடினவோ, இந்த இரண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தன. கோல்கீப்பர்கள் உட்பட மைதானம் முழுக்கப் பச்சை. யாராவது ஒரு தரப்பு சட்டையைக் கழற்றுங்கள் என்று நடுவர் கெஞ்சிப் பார்த்தார். பிறகு அலுத்துப்போய் விசிலை ஊதினார்.

கண்ணாடிக்காரர் அப்போது இளவட்டம், டிப்போ அணியின் பின்வரிசை ஆட்டக்காரர். யார் எந்த அணி என்பதை முகத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். முகங்களோ எல்லாம் சின்ன வயதிலிருந்து கூடத் திரிந்த முகங்கள். இடைவேளை முடிந்து பக்கம் மாறிய சற்று நேரத்தில் பந்து அவர் காலுக்கு வந்தது.

"அடி மாப்ள, அடி! உன்னை விட்டா ஆளில்ல!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாப்ள என்றால் நம் ஆள்தானே. அடித்தார். வாழ்நாளில் அவர் கால் ஒரு பந்தை அத்தனை சுத்தமாகத் தொட்டதில்லை. அவருடைய அணியின் கோல்கீப்பர், வருகிறவன் நம்மவன் என்று இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். பந்து அவனைத் தாண்டி வலைக்குள் போய் உட்கார்ந்தது. குரல் கொடுத்தவன் பேக்கரி அணிக்காரன். கட்சி மாறினால் மாப்ள என்று கூப்பிடுவதையும் மாற்ற வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேக்கரிக்காரர் கோப்பையைத் தூக்கினார். சொந்த அணி வலைக்குள்ளேயே கோல் போட்ட கண்ணாடிக்காரருக்குச் சேம்சைடு என்ற பெயர் கிடைத்தது.

அடுத்த வருடமே மச்சான்கள் சமாதானமாகி, கிளப் ஒன்றானது. கோப்பை எல்லோருக்கும் பொது, பழி மட்டும் ஒருவருக்கு என்று ஆயிற்று. கண் பரிசோதிக்க வருகிறவன் எழுத்து அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கம்ணே நம்ம கோல் போஸ்ட்டு?" என்பான். மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் விசாரித்தபோது, "சேம்சைடு வீடா? நேராப் போங்க. ஆனா அவர்கிட்ட மட்டும் வழி கேட்டுடாதீங்க" என்று அனுப்பிவைத்திருக்கிறார்கள்.

பொன்விழா வந்தது. கண்ணாடிக்காரர் மர டிப்போவுக்குப் போனார். டிப்போக்காரர் இன்னும் தலைவர்தான். நடு நாற்காலிக்கு மட்டும் புதிதாக மெத்தை தைத்திருந்தார்கள்.

"அண்ணே, கிளப்பு ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணுதான். இதென்ன கேள்வி?"

"கோப்பை கிளப்போடதா?"

"பின்ன, உன் மாமனார் வீட்டுதா?"

"அப்ப அதை ஜெயிச்சுக் குடுத்த கோல் என்னோடது. மேடையில அப்படிச் சொல்லுங்க. என் பேரைச் சொல்லிச் சொல்லுங்க. ஒரு தடவையாவது மைக்கில அதைக் கேட்டுட்டுப் போறேன்."

டிப்போக்காரர் யோசித்தார். பழக்கமில்லாத வேலை, நெற்றி வேர்த்தது. கணக்கு சரியாகத்தான் வந்தது.

"செஞ்சுடுவோம். ஆமா, உன் பேரு என்னப்பா?"

வீட்டில் மனைவி சொன்னாள்: "என்னங்க இது? சேம்சைடுன்னா ஊருக்கே தெரியும். உங்க பேரைச் சொன்னா யாரோன்னு நானே எட்டிப் பாப்பேன்."

விழா மேடையில் டிப்போக்காரர் சொன்னபடியே சொன்னார். நம் ஒரே கோப்பையின் வெற்றிக் கோலை அடித்தவர் என்று சொல்லி, பெயரையும் பிழையில்லாமல் சொன்னார். கைதட்டினார்கள். கண்ணாடிக்காரர் எழுந்து நின்றார். கைதட்டல் அடங்கவில்லை, அதற்குள் பேக்கரிக்காரர் மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"வெற்றிக் கோலா? அப்ப அன்னிக்கு ஜெயிச்சது எங்க டீமுதான்னு நீங்களே ஒத்துக்கறீங்க. இத்தனை வருஷமா நடு நாற்காலியில எந்த முகத்தோட உக்காந்தீங்க, மச்சான்?"

"அடிச்சது எங்க ஆளு! அப்ப ஜெயிச்சது நாங்க!"

"அவன் அடிச்சது உங்க போஸ்ட்டுல!"

நாற்காலிகள் பறந்தன. அந்தக் கிளப்காரர்கள் எதையாவது குறி தவறாமல் போட்டது அன்றைக்குத்தான். சாயங்காலத்துக்குள் கிளப் மறுபடியும் இரண்டு.

மறுநாள் காலை டிப்போக்காரர் கடைக்கு வந்தார். கண்ணாடிக்காரரைப் பெயர் சொல்லி, பின்னால் ஒரு 'ஐயா'வும் சேர்த்துக் கூப்பிட்டார். கண்ணாடிக்காரர் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். பயிற்சியாளர் பதவியாக இருக்கும் என்று நினைத்தார்.

"நீங்க பெரிய மனசு பண்ணணும், ஐயா. தயவுசெஞ்சு பேக்கரிக்காரன் பக்கம் போயிடுங்க. உங்களை வெச்சுக்கிட்டு எங்களால ஜெயிக்க முடியாது."

அவர் போன கொஞ்ச நேரத்தில் பேக்கரிக்காரர் ஒரு கேக்கோடு வந்தார். அவரும் பெயரைத்தான் சொன்னார், அவரும் ஐயா என்றார்.

"நீங்க எங்க மச்சானை மட்டும் கைவிட்டுடாதீங்க. கடைசி வரைக்கும் அவர் பக்கமே இருங்க. அதுதான் எங்களுக்குப் பலம்."

கண்ணாடிக்காரர் இருவரிடமும் சரி என்றார்.

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சொன்னாங்க ரெண்டு பேரும்?"

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க" என்றார்.