ஊர்ப்பெயரை அழித்தவள்

பாலாவிச் சந்தியில் போனும் இன்டர்நெட்டும் உள்ள ஜபாரின் கொமினிகேசன் கடையில் றோசலின் வேலை பார்த்தாள். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளை. சண்டைக்குத் தப்பிக் கண்டக்குழியில் கரையேறியவள். அவளுடைய மனுசன் லோறன்ஸ் அங்கிருந்து கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அழுதுகொண்டிருந்தால் அடுப்பு எரியாது என்று வேலைக்கு வந்துவிட்டாள். எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கொம்பியூட்டரில் என்ன கிடக்கிறது என்று அவள்தான் சொல்லுவாள்.

காணாமல்போனவர்களின் படங்களைப் போட்டு அவள் ஒரு இணையத்தளம் நடத்தினாள். லோறன்ஸின் படம்தான் முதல் படம். என் கடைசி மகன் சிவராசாவின் படத்தையும் நான் கொடுத்தேன். கொழும்புக்கு வேலைக்குப் போனவனைச் சுற்றிவளைப்பில் பிடித்தார்கள், பிறகு விட்டார்கள். மறுபடி தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அதோடு அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை. போன் எடுக்கப் பயந்திருப்பான், அல்லது... அந்த மற்றதை நான் வாயால் சொன்னதே இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே, அதைக் கடைசியாக எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று கடைக் கொம்பியூட்டர் றோசலினுக்குத் தானாகவே காட்டும், அவள் எங்களுக்குச் சொல்லுவாள். கனடா வரும், லண்டன் வரும். சிவராசாவின் படத்துக்குக் கீழே ஒருநாள் நீர்கொழும்பு என்று வந்தது. அடுத்த கிழமையும் அதே ஊர். பிறகும் அதே ஊர். நீர்கொழும்பில் எங்களுக்கு ஒரு சனமும் இல்லை. தன் முகத்தைத் தானே திறந்து பார்த்து, அம்மா நான் இருக்கிறேன் என்கிறான். பெத்தவளுக்கு விளங்காதா?

ஊர்ப்பெயர் வந்த நாளில் சந்திப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைப்பேன். வேதக்காரப் பெண்கள் மெழுகுதிரி கொளுத்துவார்கள். தன் மகனின் படத்தை டோகாவில் ஆரோ பார்த்ததற்கு, என்னைப்போல் பிள்ளையைத் தேடுகிற கமலாம்பாள் சந்தி முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள். நேர்த்திக்கடனை ஒளித்துச் செய்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

அப்படி ஒருநாள் தேங்காய்ச் சிதறலைப் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், சேர்ட்டை வெளியில் விட்ட ஒருத்தர் பக்கத்தில் குனிந்து ஒரு துண்டை எடுத்துத் தந்தார்.

“அம்மே, நல்லா உடைஞ்சிருக்கு. நீர்கொழும்பில ஆரு?”

சிங்களம் கலந்த தமிழ். மெத்தப் பணிவு. அந்தப் பணிவை நான் நம்பவில்லை. முழங்கால் வலிக்கு வைத்த நேர்த்தி என்றேன். சிரித்துவிட்டு நேரே கடைக்குள் போனார்.

ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் ஒரு இலக்கம் உண்டாம், அதைப் பிடித்துப் போனால் ஆள் இருக்கிற இடம் வருமாம். படங்களைப் பார்த்தவர்களின் இலக்கங்களை எடுத்துவை, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று றோசலினிடம் சொன்னாராம். எந்தக் கந்தோர், பொலிசா ஆமியா என்று சொல்லவில்லை. வெள்ளை வான் ஆட்களைத் தூக்கிக்கொண்டு திரிந்த காலம், ஆர் கேட்பது? ஜபார் கதவை அரைவாசி சாத்தி, எல்லாத்தையும் நிப்பாட்டிப்போடு தங்கச்சி என்றார்.

நிப்பாட்டினால் படங்கள் போய்விடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பிள்ளைகள் போய்விடுவார்கள். தளத்துக்கு இடம் கொடுத்த வெளிநாட்டுச் சபைக்கு எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டியாகவேண்டும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள். றோசலின் நகத்தைக் கடித்தபடி இருந்தாள். கடைசியில், எண்ணிக்கையை மட்டும் விட்டு, ஊரையும் இலக்கத்தையும் அழித்து, இனிமேல் சேராதபடி பண்ணுகிறேன் என்றாள். தலவில வேதக்கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு சனம் வந்தது என்று எண்ணுகிறார்கள்தானே, எவள் எதற்கு அழுதாள் என்று கேட்கிறார்களா என்றாள்.

நான் விடவில்லை. எண்ணிக்கையை வைத்து நான் என்ன கறியா வைப்பது, எனக்கு ஊர்தான் வேணும் என்று அவள் பக்கத்துக் கதிரையில் குந்திவிட்டேன். மகனிடமிருந்து வாற ஒரே கதையை அழிக்க நீ ஆர் என்றும் கேட்டேன்.

அவள் சத்தம் போடவில்லை.

“ஆச்சி, உங்களுக்குத் தெரிஞ்சால் அவங்களுக்கும் தெரியும். லோறன்ஸின்ர படத்தை ராமேஸ்வரத்தில இருந்து ஆரோ பாக்கினம். நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அதையும் சேத்துத்தான் அழிக்கிறன்.”

கதிரையை விட்டு எழும்பினேன். அவள் அழித்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சனம் கலைகிற நேரம் அவர் வந்தார். கொம்பியூட்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். வெறும் எண்ணிக்கை. மற்றது எங்கே என்றார். இது அதெல்லாம் வைக்கிறதில்லை சேர் என்றாள் றோசலின். குரல் சரியாகத்தான் இருந்தது. வாசல் வாங்கிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொம்பியூட்டர்ப் பெட்டியைக் கழற்றி வாகனத்தில் ஏற்றினார். திரும்பி வருவேன் என்று அவளிடம் மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு றோசலின் ஒரே வீட்டில் தொடர்ந்து படுக்கவில்லை. தில்லையடியில் ஜபாரின் மகள் ரம்ஸியா வீட்டிலும் கொஞ்சக்காலம் இருந்தாள். அவர் திரும்பி வரவில்லை. ஆனால் சந்தியில் எந்த வாகனம் பிறேக் போட்டாலும் அவளுடைய கை விசைப்பலகையை விட்டு எழும்பும்.

வேறு கொம்பியூட்டர் வந்தது. படங்கள் அப்படியே இருந்தன. இந்தக் கிழமை கூடியிருக்கு ஆச்சி என்பாள். எங்கே இருந்து என்று நான் கேட்பதில்லை. தேங்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் திருவிக் கறிக்குப் போட்டுவிடுவேன்.

சண்டை முடிந்தும் ஆட்கள் என்னிடம் கேட்கிறார்கள், சிவராசா எங்கே என்று. அவனிடமிருந்து பிறகு கதை வந்ததா இல்லையா என்று இப்போதும் சொல்லமாட்டேன். றோசலினுக்கே நான் சொல்லவில்லை. அவளிடம் ராமேஸ்வரத்தைப் பற்றி நான் கேட்டதும் இல்லை.