எங்கள் தெருவை அளந்த சனிக்கிழமை

வேலை கிடைத்து மதுரைப் பக்கத்திலிருந்து மாமல்லபுரத்துக்கு வந்து குடியேறியவள் நான். எங்கள் தெருப் பிள்ளைகள் சிற்பங்களின் கதையை வெளிநாட்டுக்காரர்களிடம் கடகடவென ஒப்பிப்பார்கள். சொந்தத் தெரு எங்கே போய் முடிகிறது என்று கேட்டால் மட்டும் போனை எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை அவர்களைத் திரட்டிக்கொண்டு, தெருவை நாமே அளந்து வரைபடம் போடலாம் என்று கிளம்பினேன்.

டேப்பைக் கொத்தனாரிடம் இரவல் வாங்கினோம். அளந்த இடத்தில் கோடு போடச் சாக்பீஸ் கேட்டால், கடையில் சிவப்புதான் இருந்தது. பெரிய சாலையை அகலப்படுத்த வந்தவர்களும் இடிக்க வேண்டிய சுவர்களில் சிவப்பில்தான் கோடு போட்டார்கள். அது எனக்கு உறைக்கவேயில்லை.

பாதித் தெரு தாண்டவில்லை, பின்னால் கடப்பாரைச் சத்தம். ஒருவர் தன் வீட்டு வாசல்படியைத் தானே இடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த பண்ற?" என்றான் ஒரு பையன்.

"மிஷினு வந்து இடிச்சா வூடே வுழுந்துடும். நாமளே இடிச்சிக்கினா படியோட போயிடும்."

எதிர்வீட்டில் தகரக் கூரையைக் கழற்றினார்கள். தினமும் எனக்குப் பால் ஊற்றுகிறவர் கலர் சோடா பாட்டிலோடு ஓடிவந்து, "மேடம், நம்ம செவுர மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்றார். நேற்றுவரை நான் அவருக்கு அக்கா.

"பசங்களுக்குத் தெருவைக் காட்டுறதுக்குத்தாங்க இது!" என்று கத்தினேன்.

"எல்லா ஆபீசரும் மொதல்ல இப்டித்தான் சொல்வாங்கோ" என்றார் அவர்.

பதறிப்போய்த் துப்பட்டாவால் கோடுகளை அழித்தேன். "அய்யோ, அழிக்கிறாங்கோ! இன்னும் உள்ள தள்ளிப் போடப் போறாங்கோ!" என்று தெருவே அலறியது.

தெருமுனையில் இட்லிக் கடை. பிள்ளைகளில் டேப் பிடித்த பெண்ணின் அம்மா நடத்துவது. அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது. அந்த வீட்டுச் சாப்பாடு, அவள் படிப்பு எல்லாமே அந்தக் கடைதான். அம்மா அடுப்பை அணைத்து இட்லிக் குண்டானை இறக்கிவிட்டார்.

"யம்மா, கோடு போட்டது நாந்தாம்மா!"

"உன்ன யாரு போடச் சொன்னது?"

பெண் என்னைக் கைகாட்டினாள். வேறு வழியில்லாமல் வரைந்த தாளை அம்மாவிடம் விரித்துக் காட்டினேன்.

"இதுல எங்க கடை எங்க கீது?"

பெண் ஒரு சின்னக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினாள். அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு, "ரோட்டச் சின்னதாப் போடு. கடையப் பெரிசாப் போடு" என்றார்.

"அளவு தப்பாயிடும்மா." பெண் என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து அளவு, அளவு என்று உயிரை வாங்கியவள் நான். ஆறிக்கிடந்த அடுப்பைப் பார்த்தேன். "போடு" என்றேன்.

அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். ஒருவருக்கு இடித்த வாசல்படி படத்தில் வேண்டும், இன்னொருவருக்கு மாட்டுக்கொட்டகை. சாயங்காலத்துக்குள் எங்கள் தெரு, தாளில், ஒரு சைக்கிள் கூட நுழைய முடியாத சந்தாகிவிட்டது. கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன்.

அம்மா அதை லேமினேஷன் செய்து கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். "நெசமா அளக்க வந்தாங்கன்னா நீ பேசு. நீதான அளந்த" என்று மகளிடம் சொல்லிவைத்திருக்கிறார். அவளும் சரியென்று தலையாட்டியிருக்கிறாள்.

உண்மையான அளவு அவளுக்குத் தெரியும். அதை அவள் இன்னும் மறக்கவில்லை என்பதுதான் என் பயம்.