குளிர் அறைக்கு எதிரே வைத்த கற்பூரம்

தளிக்குப் போகும் வழியில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் பன்னிரண்டு வருஷம் பூ தரம் பிரித்தேன். காம்பின் நீளம் பார்த்து, இருபது இருபதாகக் கட்டுகிற வேலை. நான் கட்டிய கட்டு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அங்கே இருந்த பெண்களில் நான்தான் மூத்தவள். சாமி காரியமோ சண்டையோ, என்னைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. இப்போது இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஒரு திங்கட்கிழமை ஒருத்தி மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிப் போவதற்குள் இன்னொருத்தி விழுந்தாள். மறுநாள் நான்கு பேர். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் பயம் வந்தது.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். தெற்கத்திக்காரி. தோட்டத்து வேனில் வரும்போது வாந்தி வராமல் இருக்க எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வருவாள். நாங்களும் அப்படிச் செய்கிறவர்கள்தான். அவள் அந்தப் பழத்தை மேஜைக்கு அடியில் வைத்திருந்ததை ஒருத்தி போனில் படம் எடுத்தாள். சாப்பாட்டு நேரத்துக்குள் படம் எல்லார் போனுக்கும் போனது. பேரிகை ஊரில் இருக்கும் என் மருமகளுக்குக்கூட வந்தது.

என் சின்ன வயதில், மாடு பால் வற்றியதற்காக எங்கள் ஊரில் ஒரு கிழவியைத் துரத்தினார்கள். படிப்பில்லாத ஜனங்கள் என்று நினைத்திருந்தேன். இங்கே பாதிப் பேர் பன்னிரண்டாவது முடித்தவர்கள்.

"பெரிம்மா, கற்பூரம் ஏத்துங்க. செய்வினை வைக்கலன்னு அவ அடிச்சு சத்தியம் பண்ணட்டும்" என்றார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் அதோடு பேச்சு முடிந்தது.

"இம்புட்டுதானா? ஏத்துங்க, அடிக்கேன்" என்றாள் அவள்.

"தைரியத்தப் பாரு. ஊர்ல தெனமும் இதே வேலதானோ?" என்று ஒருத்தி சொல்ல, சிரித்தார்கள்.

கற்பூரத் தட்டை, பூ வைக்கிற குளிர் அறையின் கதவுக்கு எதிரே வைத்தேன். அங்கேதான் இடம் இருந்தது. அவள் கையை ஓங்கினாள். அந்த நேரம் உள்ளேயிருந்து பூ வாளியோடு ஒருவர் கதவைத் திறந்தார். விசிறிக் காற்று வந்து கற்பூரம் அணைந்தது.

"ஆத்தா கைய வைக்க உடல பாரு" என்றது ஒரு குரல்.

"காத்துல்லா அது. இன்னொருக்க ஏத்துங்க பெரிம்மா" என்றாள். அவள் என்னை மட்டும்தான் பார்த்தாள்.

அந்தக் காற்று என் காலிலும் பட்டது. மறுபடி ஏற்றினால், நான் தட்டு வைத்த இடம் தப்பு என்று ஆகும்.

"ஒரு தடவதான் ஏத்தறது" என்றேன்.

நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தாள்.

பத்து நாள் யாரும் விழவில்லை. பிறகு, புதுப் பூச்சி மருந்து அடித்த பிளாஸ்டிக் கூடாரத்துப் பூ வந்த அன்று மூன்று பேர் விழுந்தார்கள். மருந்தை மாற்றினார்கள். படத்தை எல்லாரும் போனிலிருந்து அழித்துவிட்டார்கள். வேலைக்கு ஆள் பற்றவில்லை.

"நீங்க கூப்பிட்டா அந்தப் பொண்ணு வரும். பேசிப் பாருங்கம்மா" என்றார் சூப்பர்வைசர்.

பேசுகிறேன் என்றேன். அவள் தெருமுனையில் ஆள் ஏற்ற வேன் தினமும் நிற்கும். அவள் குழாயடியில் இருப்பாள். நான் இறங்கவில்லை. மாதக் கடைசியில் அவள் இருந்த வீட்டு வாசலில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது.